பனியில் விரித்த கம்பளி: இப்னு பதூதாவின் மலைகளும் நகரங்களும்

இப்னு பதூதாவின் ரிஹ்லாவை எங்கட ஆக்கள் புத்தளத்தில் திறந்து புத்தளத்திலேயே மூடிவிடுகிறார்கள். 1344இல் மாலைதீவிலிருந்து வந்து அவர் இறங்கிய ‘பத்தாலா’, வழியில் ‘ஸலாவத்’, பிறகு மலை, மலையிலிருந்து இறங்கித் தேவுந்தர, காலி, ‘கலன்பூ’, திரும்பவும் பத்தாலா. முழு நூலோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிக்குள்ளும் கொழும்பு பற்றிய ஒரேயொரு வசனம்தான் விழா மலர்களிலும் மேடைகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது: ஜாலஸ்தி என்ற கடல் அதிபதியும் அவரோடிருந்த 500 ஹபஷிகளும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நூல் எங்களிடம் முழுசாக வந்து சேரவில்லை. 1829இல் சாமுவேல் லீ ஆங்கிலத்தில் தந்தது ஒரு சுருக்கப் பிரதியின் மொழிபெயர்ப்பு. டெஃப்ரெமெரி, சங்கினெத்தி ஆகிய இருவரும் அரபு மூலத்தையும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் சேர்த்து 1853 முதல் 1858 வரை பாரிஸில் நான்கு பாகங்களாக வெளியிட்டார்கள். அதிலிருந்து மாலைதீவையும் இலங்கையையும் மட்டும் வெட்டியெடுத்து அல்பர்ட் கிரே ஆங்கிலமாக்க, 1882இல் றோயல் ஏசியாட்டிக் சங்கத்தின் இலங்கைக் கிளை அதைப் பிரசுரித்தது. ஆறு வருஷம் கழித்து, 1888இல், சோனகரின் இனவியல் பற்றிய தனது கட்டுரையைப் பொன்னம்பலம் இராமநாதன் வாசித்தார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் மறுப்பு நூல் வந்தது. வழக்கு இப்படிச் சூடுபிடித்திருந்த காலத்தில் கையில் அகப்பட்ட ஒரு பயணி சாட்சிக்கூண்டில் ஏறாமல் என்ன செய்வார்? சாட்சியிடம் எப்போது வந்தீர், யாரைக் கண்டீர், எத்தனை பேர் இருந்தார்கள் என்றுதான் கேட்போம். எப்படி எழுதினீர் என்று கேட்கமாட்டோம்.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இலங்கைப் பகுதி போதாது. குவாரிஸ்மிலிருந்து புகாரா, சமர்கந்து, பல்க் வழியாக ஹிந்து குஷ் மலையைக் கடந்து சிந்து நதிக்கு வந்து சேரும் தரைவழிப் பகுதியைத்தான் எடுக்க வேண்டும். கிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பில் மூன்றாம் பாகத்தில் (1971) இது கிடக்கிறது. பழைய நகரங்களும் ஆளில்லாத மலைகளும் அடுத்தடுத்து வருவதால், இந்த மனிதர் எதை எப்படிப் பார்க்கிறார் என்பது வேறெங்கும் இல்லாத அளவுக்கு இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. எங்கட பாவாத மலையைப் பற்றி எழுதிய கையும் இதே கைதான்.

முதலில் நூல் உருவான விதத்தைச் சொல்லியாக வேண்டும். 1304இல் தன்ஜாவில் பிறந்து, 1325இல் ஹஜ்ஜுக்கென்று தனியாகப் புறப்பட்டவர், பயணங்களெல்லாம் முடித்து ஃபெஸ் நகரத்துக்குத் திரும்பும்போது ஐம்பது வயது. மரீனிய சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி அவர் சொல்ல, கிரானாடாக்காரரான இப்னு ஜுஸய் எழுதினார். 1355 டிசம்பரில் சொல்லி முடிந்தது. இப்னு ஜுஸய் கவிஞர், அரண்மனை எழுத்தர். பெரிய நகரம் ஒன்று வந்துவிட்டால் அவருடைய கை சும்மா இராது. ஸஜஃ என்னும் எதுகை நடையில் வார்த்தைகள் அணிவகுக்கத் தொடங்கிவிடும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: திமிஷ்க், மக்கா, மதீனா பற்றிய பகுதிகளில் கணிசமானவை, 1183க்கும் 1185க்கும் இடையில் பயணம் செய்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தாளப்பட்டவை. பலஸ்தீனப் பகுதியில் அல்-அப்தரியின் வார்த்தைகள் கிடக்கின்றன. இன்றைக்கு இதைத் திருட்டு என்போம். அன்றைய எழுத்து வழக்கில் இது அவ்வளவு பெரிய குற்றமில்லை. ஆனால் வாசகனுக்கு இதனால் வரும் நட்டம் உண்மையானது. இப்னு பதூதா திமிஷ்க்குக்குப் போனது 1326இல். நாங்கள் பல இடங்களில் வாசிப்பதோ 1184இன் திமிஷ்க்.

இரவல் வாங்காத இடத்திலும் பெருநகரம் அவரை ஒரு மாதிரியான மொழிக்குள் இழுத்துவிடுகிறது. கெய்ரோவில் ஒட்டகத்தில் தண்ணீர் சுமப்போர் 12,000 பேர், கோவேறு கழுதையும் கழுதையும் வாடகைக்கு விடுவோர் 30,000 பேர், நைல் நதியில் 36,000 படகுகள் என்று எழுதப்பட்டிருக்கிறது. அப்படிச் சொல்லப்படுவதாகத்தான் நூலும் சொல்கிறது. கண்ணால் எண்ணியவர் யார்? இந்த வசனங்களில் ஒரு தண்ணீர்க்காரனின் முகமும் தெரியாது. காழிகளின் பெயர், ஷெய்க்மார்களின் பெயர், யார் என்ன அன்பளிப்புத் தந்தார்கள், எந்தக் கான்காஹில் என்ன சாப்பாடு என்று பட்டியல் நீளும். வேலை தேடி அலையும் ஒரு ஆலிமுக்கு நகரம் என்றால் அறிமுகங்களின் தொகுப்புத்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

குவாரிஸ்ம் அப்படிப் போகவிடுவதில்லை. ஒருநாள் குதிரையில் ஏறிக் கடைத்தெருவுக்குள் போகிறார். நடுவில், சனம் மிக நெருக்கியடிக்கும் இடத்தில், மாட்டிக்கொள்கிறார். முன்னால் போக வழியில்லை, திரும்பவும் முடியவில்லை. படாதபாடு பட்டு வெளியே வருகிறார். வெள்ளிக்கிழமை சந்தையின் ஒரு பகுதியைப் பூட்டுவதால் கூட்டம் குறைவாக இருக்கும் என்று யாரோ சொல்ல, ஜும்ஆ நாளில் திரும்பப் போய்ப் பெரிய பள்ளிவாசலையும் மதரஸாவையும் பார்க்கிறார். அவ்வளவுதான் சம்பவம். கெய்ரோவின் எழுபத்தெட்டாயிரம் எண்ணிக்கைகளும் தராத நெரிசலை ஒரு குதிரை தந்துவிடுகிறது. அதே ஊரில் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒரு சவுக்குத் தொங்குகிறது. ஜமாஅத்துக்கு வராதவரை இமாம் எல்லோர் முன்னிலையிலும் அடிப்பார், ஐந்து தீனார் அபராதமும் உண்டு. இதை அவர் நல்ல வழக்கமென்று மெச்சி எழுதுகிறார். நாங்கள் மெச்சத் தேவையில்லை. ஆனால் அந்தச் சவுக்கு சுவரில் தொங்குவது கண்ணுக்குத் தெரிகிறது.

தப்ரீஸையும் இதோடு சேர்க்கலாம். அங்கே அவர் தங்கியது ஒரே ஒரு இரவு. இரத்தினக் கடைத்தெருவில், அழகாக உடுத்த அடிமைப் பையன்கள் நகைகளைத் துருக்கியப் பெண்களுக்குக் காட்ட, அவர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். பார்த்தவருக்குக் கண் கூசுகிறது. அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறார். மாதக்கணக்கில் தங்கிய ஊர்கள் மங்கிக் கிடக்க, ஒரு இரவு தங்கிய ஊர் துலங்குகிறது. உடம்பு சிக்கிய இடத்தையும் கண் கூசிய இடத்தையும் இருபது வருஷம் கழிந்த பிறகும் அவர் மறக்கவில்லை. மனனம் செய்து வைத்த பெயர்கள்தான் இடம் மாறிப்போகின்றன.

இடம் மாறியதற்கு அத்தாட்சி புகாராவிலேயே இருக்கிறது. குவாரிஸ்மிலிருந்து 18 நாள் மணற்பாதை. வந்து பார்த்தால் 1220இல் சிங்கிஸ்கானின் படை அழித்த நகரம் இன்னும் எழும்பவில்லை. பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் சந்தைகளும், ஒருசிலதைத் தவிர, பாழ். அறிவில் நாட்டமுள்ள ஒருவர்கூட அங்கில்லை என்று கசப்போடு சொல்கிறார். பிறகு, இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் கப்றைப் புகாராவில் ஸியாரத் செய்ததாகவும், அதன்மேல் அவர்களது நூல்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்ததாகவும் எழுதுகிறார். இமாம் அவர்கள் ஹிஜ்ரி 256இல் வபாத்தானதும் அடக்கப்பட்டதும் சமர்கந்துக்கு அருகிலுள்ள கர்தங்க் கிராமத்தில். மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கும் இது தெரியும். அப்படியானால் மனுஷன் கதை விடுகிறாரா?

அடுத்த வசனத்தைச் சேர்த்து வாசிக்க வேண்டும். புகாராவின் உலமாக்களுடைய கப்றுகளில் இப்படிப் பெயரும் நூற்பட்டியலும் பொறிப்பது வழக்கம், அவற்றில் பலவற்றைத் தான் பிரதி செய்து வைத்திருந்ததாகவும், பின்னால் இந்தியக் கடலில் கொள்ளையர் பறித்தபோது எல்லாவற்றோடும் அவையும் போய்விட்டதாகவும் சொல்கிறார். குறிப்பேடு இல்லாத மனிதர் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு நினைவிலிருந்து சொல்கிறார். கல்வெட்டுக்களைக் கண்டது நிஜம். எந்தக் கல் எந்த ஊரில் என்பது குழம்பியிருக்கலாம் என்பது என்னுடைய ஊகம். ஆய்வாளர் பலருக்குச் சந்தேகமுள்ள பல்கார் பயணத்தையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

சந்தேகம் புதிதும் அல்ல. அவர் ஃபெஸ் அரண்மனையில் டெல்லிக் கதைகளைச் சொன்னபோதே ஆக்கள் காதோடு காது பொய் என்று பேசிக்கொண்டதை இப்னு கல்தூன் தனது முகத்திமாவில் பதிவு செய்திருக்கிறார். அதைப்பற்றி வஸீர் ஃபாரிஸ் சொன்ன கதை பிரசித்தம். சிறையிலேயே வளர்ந்த ஒரு பையன், ஆட்டைப்பற்றித் தகப்பன் எவ்வளவு விவரித்தாலும், எலி மாதிரியா என்றுதான் கேட்டானாம். அவன் கண்ட ஒரே பிராணி எலி. எங்களுக்குள்ளும் இரண்டு வகையான எலிப்பிள்ளைகள் உண்டு. ஒரு வகை எல்லாவற்றையும் பொய் என்று தள்ளும். மற்ற வகை எல்லா வசனத்தையும் ஆதாரம் என்று அள்ளும்.

புகாராவிலிருந்து சகதாய் கான் தர்மஷீரீனின் பாசறைக்குப் போகிறார். சுல்தானுக்காகத் தொழுகையைத் தாமதிக்க மறுத்த இமாமின் கதை அங்கே வருகிறது. தொழுகை அல்லாஹ்வுக்கா தர்மஷீரீனுக்கா என்று கேட்டவர் அவர். எங்கட வாசகர்களுக்கு இது பிடிக்கும். எனக்கு அதைவிடச் சின்ன ஒரு விஷயம் முக்கியமாகப் படுகிறது. விடைபெறும்போது சுல்தான் 700 வெள்ளித் தீனாரும் ஒரு கீரித்தோல் போன்ற மென்மயிர்த் தோலங்கியும் கொடுக்கிறார். அந்த அங்கியைக் குளிர் காரணமாகத் தானே கேட்டு வாங்கியதாக எழுதுகிறார். அன்பளிப்புகளின் நீண்ட பட்டியலில் நடுக்கத்தோடு கேட்டு வாங்கிய பொருள் இது. மலை கிட்டிவிட்டது என்று எங்களுக்கும் தெரிகிறது.

சமர்கந்தையும் அதன் நீர்ச்சக்கரங்களையும், அஸருக்குப் பிறகு ஆற்றோரம் உலாவும் மக்களையும் கடந்து பல்குக்கு வருகிறோம். பல்க் ஆளில்லாத ஊர். ஆனால் கட்டடங்களின் உறுதியால், பார்க்கிறவருக்குக் குடியிருப்பு உள்ளது போலத் தோன்றும் என்கிறார். தூணொன்றின் கீழ் புதையல் இருப்பதாக யாரோ சொன்னதை நம்பிச் சிங்கிஸ்கான் பள்ளிவாசலில் மூன்றில் ஒரு பங்கை இடித்த கதையும் இங்கேதான். அலங்கார நடை இங்கே காணாமற்போகிறது. இடிந்த நகரத்துக்குக் கடன் வாங்க முன்னோடி இல்லை. இப்னு ஜுபைர் பக்தாதுக்குக் கிழக்கே வரவில்லை. அணிவகுத்து நிற்கக் காழிகளும் இல்லை.

பிறகு ஹிந்து குஷ். குந்தூஸில் ஏறக்குறைய நாற்பது நாள் காத்திருக்கிறார்கள். ஒட்டகங்களும் குதிரைகளும் மேய்ந்து தேற வேண்டும். குளிரும் குறைய வேண்டும். மலைக்குப் பயந்துதான் இந்தத் தாமதம் என்று ஒளிக்காமல் சொல்கிறார். கணவாயில் விடிவதற்கு முன் ஏறத் தொடங்கி, பொழுது சாயும்வரை நடக்கிறார்கள். ஒட்டகம் பனியில் புதையாமலிருக்க, அதன் காலடிக்கு முன்னால் தடித்த கம்பளித் துண்டுகளை விரித்து விரித்து நடத்துகிறார்கள். இதில் வியப்பு இல்லை, உவமை இல்லை, எதுகை இல்லை. விரித்து, எடுத்து, மறுபடி விரிக்கும் கைகள் மட்டும். ரிஹ்லாவின் மிகச் சிறந்த வசனங்களில் ஒன்று இது என்று நான் நினைக்கிறேன்.

அதே இடத்தில் மலையின் பெயருக்கும் விளக்கம் தருகிறார். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்படும் அடிமைப் பையன்களும் பிள்ளைகளும் கடுங்குளிரிலும் பனியிலும் இந்த மலையில் தொகையாகச் சாவதால், ஹிந்துக்களைக் கொல்லும் மலை என்று பெயர் வந்ததாம். சொற்பிறப்பு சரியா என்பது வேறு விவாதம். பெயர் விளக்கமாக இந்த மரணங்களைச் சொல்லிவிட்டு, ஒரு துஆகூட இல்லாமல் அவர் ஒட்டகத்துக்குத் திரும்பிவிடுகிறார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தர்மஷீரீனின் பாசறைக்குப் போகும் வழியில், நக்ஷபுக்குப் பக்கத்தில், அவருடைய அடிமைப் பெண் ஒருத்தி பிரசவ காலத்தை நெருங்கியிருந்தாள். ஒட்டகச் சிவிகையில் அவளை ஏற்றி ஆக்கள் இரவில் ஒரு வழியால் போக, இவர் பகலில் வேறு வழியால் போனார். மறுநாள் வந்தவர்கள் ஆண்பிள்ளை என்றார்கள். அகீகா முடிந்த பிறகுதான் பெண்பிள்ளை என்று சொன்னார்கள். அவள் பிறந்த நேரம் நல்ல நேரம், அதன்பின் தனக்கு எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சந்தோஷமாக எழுதுகிறார். இந்தியாவுக்கு வந்து சில வாரங்களில் அவள் இறந்துபோனதையும் அங்கேயே சொல்லிவிடுகிறார்.

ஆக, கம்பளி விரித்த அந்தப் பாதையில் ஒரு கைக்குழந்தையும் போயிருக்கிறது. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு தாயும் போயிருக்கிறாள். அடிமைகளின் பிள்ளைகளைக் கொல்லும் மலை என்று பெயர் சொன்ன அதே பக்கத்தில், ஒரு அடிமையின் பிள்ளை அந்த மலையைக் கடந்து கொண்டிருந்தது. அது அவருடைய சொந்தப் பிள்ளை. ஒட்டகத்தின் கால் வசனத்தில் இருக்கிறது. பிள்ளை இல்லை. மறந்தாரா, சொல்ல வாய் வரவில்லையா, எழுதியவர் விட்டாரா என்று தீர்மானிக்க வழியில்லை. ஆனால் டெல்லியில் அவளுடைய ஜனாஸாவைப் பற்றி எவ்வளவு விரிவாக எழுதுகிறார் பாருங்கள்: ஒரு வயது நிறையாத பிள்ளைக்கு வஸீர் செய்த ஏற்பாடு, சுல்தானிடமிருந்து வந்த உத்தரவு, மூன்றாம் நாள் ஓதல், கப்றின்மேல் பூ. பிறகு சுல்தானின் தாயார் பிள்ளையின் தாயை அழைத்து, 1,000 தீனாரும் கல் பதித்த பொன் காப்புகளும் உடுப்புகளும் கொடுத்து அனுப்புகிறார். அவள் கொண்டுவந்த அத்தனையையும் இவர் தோழர்களுக்கும் தனக்குக் கடன் தந்த வியாபாரிகளுக்கும் கொடுத்துவிடுகிறார், தன் மானத்தைக் காக்க. ஒற்றர்கள் எல்லாவற்றையும் சுல்தானுக்கு எழுதிக்கொண்டிருந்தார்களாம். பிள்ளை சாகும்போது நகரத்தில் அதைச் சொல்ல மரியாதையின் மொழி ஒன்று அவரிடம் தயாராக இருந்தது. மலையில் அவள் உயிரோடிருந்ததைச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. ரிஹ்லாவை வெற்றிப் பயணமாகக் கொண்டாடும் எங்கட கட்டுரைகள் இந்தத் தாயைத் தாண்டிப் போய்விடுகின்றன. அடிமை முறை என்பதால் கூச்சம். கூச்சம் நியாயமானதே, அதற்காகத் தாண்டிப்போகலாமா?

மலையின் மறுபக்கம் பஞ்ச்ஷீர். பஷாய் மலையில் ‘அதா அவ்லியா’ என்றொரு பெரியவர். வயது 350 என்கிறார்கள். நூறு வருஷத்துக்கொரு முறை புது முடியும் பல்லும் முளைக்குமாம். இப்னு பதூதா அவரைக் கட்டித் தழுவுகிறார். தோல் மிருதுவாக இருக்கிறது. பார்த்தால் ஐம்பது வயது மதிக்கலாம். பேசிப் பார்த்துவிட்டு, எனக்கு இவர் விஷயத்தில் சந்தேகம், அல்லாஹ்வே அறிவான் என்று முடிக்கிறார். கராமத்துக் கதைகளை வாரி இறைப்பவர் தொட்டுப் பார்த்த இடத்தில் சந்தேகப்படுகிறார். கஸ்னி பெரும்பகுதி பாழ், காபூல் முன்பு பெருநகரம், இப்போது கிராமம் என்று விரைந்து சொல்லி, ஹிஜ்ரி 734 முஹர்ரம் முதலாம் நாள், அதாவது 1333 செப்டெம்பரில், சிந்து நதிக்கு வந்துவிடுகிறார்.

இந்தக் கண்ணோடு எங்கட பக்கங்களுக்குத் திரும்பினால் அவை மூன்று வகையாகப் பிரிவது தெரியும். கொழும்பு வசனம் நகர வசனம்: பெயர், பதவி, எண்ணிக்கை. தேவுந்தரக் கோயிலின் ஆயிரம் பிராமணரும் யோகியரும் அதே வகை. பொய்யென்று சொல்லவில்லை, கெய்ரோவின் படகுகளை எப்படி வாசிப்போமோ அப்படித்தான் இவற்றையும் வாசிக்க வேண்டும். இரண்டாவது, கேட்ட கதை: ஷீராஸின் ஷெய்க் இப்னு கஃபீஃபின் தோழர்கள் யானைக்கன்றைத் தின்றதும், யானைகள் அவர்களைக் கொன்று ஷெய்கை மட்டும் முதுகில் தூக்கி வந்ததும். மூன்றாவது, மலையேற்றம். புத்தளத்து மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி சிவிகையும் நான்கு யோகிகளும் மூன்று பிராமணர்களும் வேறு பத்துப் பேரும் சாமான் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்புகிறார். ஈரக் காட்டில் அட்டை பாய்ந்து ஒட்டிக்கொள்கிறது; தேசிக்காய் பிழிந்தால் விழுகிறது. இரத்தினபுரிப் பக்கத்து ஆக்களுக்கு இதற்கு அடிக்குறிப்பு வேண்டாம். பாறையில் சங்கிலிகள் தொங்குகின்றன. பத்தாவது, கலிமாச் சங்கிலி, ஏனென்றால் அங்கே நின்று கீழே பார்ப்பவருக்கு விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா வாயில் வரும். ஹிந்து குஷில் கம்பளி விரித்தவர் இங்கே சங்கிலியைப் பிடித்திருக்கிறார். அவர் இந்நாட்டுக்கு வந்ததற்கு ஆதாரம் கேட்பவருக்கு நான் ஜாலஸ்தியைக் காட்டமாட்டேன், அட்டையைத்தான் காட்டுவேன்.

மலைக்குப் போகும் வழியில் ‘குனகார்’ என்ற அரச நகரம். அது எந்த ஊர் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடுண்டு. நகரத்துக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் உஸ்மானின் பள்ளிவாசல். அரசரும் மக்களும் அவரைத் தரிசிக்க வருகிறார்கள். பாதத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர் அவர். ஒரு மாட்டை அறுத்ததற்காக அவருடைய ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டன. உள்ளூர்ச் சட்டப்படி தண்டனை மரணம். அவர்மீதிருந்த மதிப்பினால் அது கை காலோடு நின்றது. அதோடு, ஒரு சந்தையின் வரி வருமானத்தையும் அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். நல்லிணக்கத்துக்கு ஆதாரம் தேடுபவர் சந்தை வரியை எடுத்துக்கொண்டு கையை விட்டுவிடுகிறார். கொடுமைக்கு ஆதாரம் தேடுபவர் கையை எடுத்துக்கொண்டு சந்தை வரியை விட்டுவிடுகிறார். இப்னு பதூதா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார், தீர்ப்புச் சொல்லவில்லை.

ஷெய்கால் நடக்க முடியாமற் போன பிறகு, அவருடைய பிள்ளைகளும் அடிமைகளும் யாத்திரிகருக்கு வழிகாட்டுகிறார்கள். மலைக்கு இரண்டு பாதை: பாபா வழி, மாமா வழி, அதாவது ஆதம் (அலை), ஹவ்வா (அலை) அவர்களின் வழிகள். மாமா வழி சுகமானது, ஆனால் அதால் ஏறினால் ஸியாரத் செய்ததாகக் கணக்கில்லை, இறங்குவதற்குத்தான் அது. பாபா வழி செங்குத்து. இப்னு பதூதா அதாலே ஏறினார்.